அந்தக் குவியலுக்குள் பந்து யாரிடம் இருந்தது

எங்கள் பாடசாலைப் பழைய மாணவிகள் சங்கம் இந்த முறை மலர் வெளியிடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர், வங்கியில் இருந்தவர், தபாற்கந்தோரில் இருந்தவர் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செயலாளர் பிள்ளை எனக்கு ரெலிபோன் எடுத்து, "அன்ரி, நீங்கள் என்ன வேலை பாத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"அமெரிக்கன் ஃபுட்போலிலை ஓடுறவன் பந்தைத் தவறவிட்டால், கீழை விழுந்த பந்தை ஆர் எடுத்தது எண்டு கண்டுபிடிக்கிறது" என்றேன்.

"உது உண்மையிலை ஒரு வேலையோ, அன்ரி?"

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் என் கணவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலையே இல்லை. மைதானத்தைச் சுற்றிக் கமரா, பந்துக்குள்ளும் ஏதோ சின்னக் கருவி வைக்கிறார்களாம். யார் எடுத்தது என்று கேட்டு முடிவதற்குள் திரையில் பதில் வந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் அப்படி இல்லை. அதுவும் ஐம்பதுகளில் நடந்த ஆட்டங்களைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்ல ஒரு சேற்றுக் குவியலும் சில கிழவர்களும்தான் இருந்தார்கள்.

நான் மன்னாரில் அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தவள். எண்பதுகளின் கடைசியில் கணவர் அன்ரனோடும் மகளோடும் ரொறன்ரோவுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். முதலில் பிஸ்கற் ஃபக்ரறியில் பெட்டி அடுக்கினேன். பிறகு கொம்பியூட்டர் வகுப்பொன்றுக்குப் போனேன். அந்த வகுப்பின் அறிவிப்புப் பலகையில்தான் 'விளையாட்டு ஆராய்ச்சி உதவியாளர் தேவை' என்று கண்டேன். விளையாட்டை நான் வாசிக்கவில்லை. 'உதவியாளர்' என்ற சொல்லைத்தான் வாசித்தேன்.

அஜின்கோர்ட்டில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இருந்தது கந்தோர். படி ஏறும்போதே புதுக் கம்பளமும் பசையும் மணக்கும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர் ஒரு தமிழர் என்பது எனக்கு முதல் ஆச்சரியம். சிவபாலன் அண்ணை. எழுபதுகளின் தொடக்கத்தில் படிக்க வந்தவர். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்காரக் கிழவனோடு இருந்து ரிவி பார்த்ததில் இந்த விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு நூலகத்தில் பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் வேலை பார்த்திருக்கிறார். மெலிந்து உயர்ந்த மனிதர். எப்போதும் கோட்டும் கழுத்துப்பட்டியும். பேச்சு அவ்வளவு மெதுவாக இருக்கும். எதிரில் இருப்பவர் தானாகவே முன்னுக்குக் குனிந்துவிடுவார்.

"உமக்கு இந்த விளையாட்டுத் தெரியுமோ?"

"தெரியாது."

"நல்லது" என்றார். "தெரிஞ்சவை படத்தைப் பாக்கமாட்டினம். தங்கடை நினைப்பைத்தான் பாப்பினம்."

அவர் பகிடி விடுகிறாரா என்று விளங்காமல் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

அன்ரன் மன்னாரில் உதைபந்தாட்டக்காரர். அன்றிரவு சாப்பிடும்போது கேட்டார், "என்னப்பா, கையாலை கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடுறாங்கள். பந்தும் கோணல். இதுக்கு ஃபுட்போல் எண்டு ஆர் பேர் வைச்சது?" எனக்கும் தெரியவில்லை.

முதல் மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதிகளைப் படித்தேன், மறந்தேன், திரும்பப் படித்தேன். கடைசியில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். பந்தோடு ஓடுகிறவன் அதைத் தவறவிட்டால் அது ஃபம்பிள். அவனுடைய ஆட்களே அதை எடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. எதிராளி எடுத்தால் அது பறிப்பு. ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். எறிந்த பந்தை எதிராளி நடுவானில் பிடித்தாலும் பறிப்புத்தான். ஆனால் அதைச் செய்தவன் யார் என்று மைதானம் முழுக்கக் கண்டிருக்கும். கீழே விழுந்த பந்து அப்படியல்ல. அதன் மேல் ஆட்கள் பாய்வார்கள், அவர்கள் மேல் இன்னும் ஆட்கள் பாய்வார்கள். அந்தக் குவியலுக்குள் பந்து கைமாறும். விரலை முறுக்குவார்கள், கடிப்பார்கள்கூட. நடுவர் ஒவ்வொருவராக இழுத்துவிட்டுக் கடைசியில் யார் மடியில் பந்து இருக்கிறது என்று பார்த்துக் கையைக் காட்டுவார். பழைய ஆட்டக் குறிப்புகளில் பல இடங்களில் 'இன்ன அணி எடுத்தது' என்று மட்டுமே இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. ஓர் அமெரிக்கப் பதிப்பகம் பெரிய பதிவுப் புத்தகம் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த வெற்றிடங்களை நிரப்பும் வேலை எங்களுக்கு வந்திருந்தது.

அண்ணையின் முறை ஒன்றுதான். ஒவ்வொரு பறிப்புக்கும் மூன்று பகுதி: கண்டது, கேட்டது, நினைத்தது. படச்சுருளில் தெரிவது கண்டது. பத்திரிகை எழுதியதும் ஆட்டக்காரர் சொன்னதும் கேட்டது. மற்றதெல்லாம் நினைத்தது. புரொஜெக்ரரை ஓடவிடுவார். குவியல் விழுந்ததும் நிறுத்துவார். அறை இருட்டாக இருக்கும்.

"என்ன கண்டனீர்?"

"அந்த உயரமான ஆள் பந்தை எடுத்தவர், அண்ணை."

"எடுத்ததைக் கண்டனீரோ?"

"கையைத் தூக்கிக் காட்டுறார்."

"கையைத் தூக்கினதைக் கண்டனீர்" என்பார். "கையைத் தூக்கிறவையெல்லாம் பந்து வைச்சிருக்கிறவை இல்லை. திரும்பப் பாப்பம்."

திரும்பப் பார்ப்போம். திரும்பவும் பார்ப்போம். சில நாட்களில் வீடு போகும் பஸ்ஸில் கண்ணை மூடினால் வெள்ளையும் கறுப்புமாக மனிதர்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி ரெலிபோன்தான். உயிரோடு இருந்த ஆட்டக்காரர்களைத் தேடிக் கூப்பிடுவேன். அவர்களில் பலரிடம் அவர்களுடைய காலத்தில் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டேன். ஒருவர் தன் கணக்கில் ஒன்று கூடியது என்று கேட்டதும் அழுதுவிட்டார். ஒரு விதவை, "அவர் எத்தனையோ தடவை சொன்னவர், நாங்கள் நம்பேல்லை" என்றார். யாரும் தனக்கு ஒன்று குறைய வேண்டும் என்று கேட்டதில்லை. அதனால்தான் அந்த ஓர் ஆட்டம் என்னை அவ்வளவு குழப்பியது.

ஐம்பதுகளில் மழையில் நடந்த ஆட்டம் அது. மைதானம் முழுக்கச் சேறு. சட்டைகளின் பின்னால் உள்ள எண்கள்கூடத் தெரியாது. ஆட்டம் முடியும் தறுவாயில் லெஸ்டர் என்ற ஆட்டக்காரர் பந்தோடு கோல் கோட்டை நோக்கி ஓடுகிறார். பந்து விழுகிறது. எதிரணியில் இரண்டு பேர் அதன் மேல் பாய்கிறார்கள், பிறகு எல்லாரும். எதிரணி பந்தைப் பறித்து ஆட்டத்தை வென்றது. யார் எடுத்தது? அந்த இருவரில் ஒரு பத்திரிகை ஏர்ல் என்றது. இன்னொன்று நோர்மன் என்றது. படச்சுருள் குவியலோடு வெட்டுப்பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் ஃபிலிமை மிச்சம் பிடிக்க, ஆள்கள் விழுந்ததும் கமராவை நிறுத்திவிடுவார்களாம். குவியலைப் பிரித்ததை யாரும் படம் எடுக்கவில்லை.

ஏர்லும் நோர்மனும் பின்னர் கனடாவில் விளையாட வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஏர்ல் ஹமில்ரனில், நோர்மன் விட்பியில். இருவரும் உயிரோடு இருந்தார்கள். சுலபமாக முடியும் என்று நினைத்தேன்.

அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது வீட்டுத் தமிழிலேயே நினைவுக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நோர்மனைக் கூப்பிட்டேன். ஆட்டத்தைச் சொன்னதும் உடனே பதில் வந்தது. "நானில்லை. அது ஏர்ல்."

ஏர்லைக் கூப்பிட்டேன். "அது நோர்மன். இனி இந்த விசயமா இந்த வீட்டுக்குப் ஃபோன் எடுக்காதை, பிள்ளை." வைத்துவிட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். வயது போனதால் மாறாட்டமா என்று நோர்மனைத் திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை அவருடைய மனைவி எடுத்தார். "ஏன் உதை இப்ப கிண்டுறீங்கள்? அவர் இரண்டு நாளாச் சாப்பிடேல்லை."

அன்ரனிடம் சொன்னேன். "இரண்டு பேருக்கும் வேண்டாமெண்டால் உம்மடை பேரைப் போடுமன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உமக்கேன் கவலை? பந்துதானே" என்றார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. பந்துதானே. ஒரு மனிதர் ஏன் சாப்பிடாமல் இருக்க வேண்டும்?

சிவபாலன் அண்ணை நான் சொன்னதை எல்லாம் குனிந்து கேட்டார். "ரெலிபோனிலை கேக்கக்கூடாத கேள்வியைக் கேட்டிட்டம் போலை. நேரை போய் மன்னிப்புக் கேப்பம்" என்றார். நோர்மனின் மகள் வரச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அண்ணையின் காரில் விட்பிக்குப் போனோம்.

விட்பியில் அப்போதுதான் புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. மரமில்லை. எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே கராஜ். தெருவுக்குப் பெயர்ப் பலகைகூட இன்னும் நட்டிருக்கவில்லை. ஒரே தெருவுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றினோம். படத்தில் எத்தனையோ குவியல்களைப் பிரித்த அண்ணைக்கு அந்த வீடுகளைப் பிரித்தறிய முடியவில்லை. கடைசியில் மகளே வாசலில் நின்று கையைக் காட்டினாள்.

நோர்மன் சாய்வுக் கதிரையில் இருந்தார். இவ்வளவு பெரிய கைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தன. அண்ணை மன்னிப்புக் கேட்டார். தேநீர் வந்தது. பிறகு நோர்மன் என்னைப் பார்த்து, "லெஸ்டருக்கு என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. எங்கள் குறிப்புகளில் பந்து இருந்தது. லெஸ்டர் அந்த ஓர் ஓட்டத்தோடு முடிந்துவிட்டார்.

"குவியலைப் பிரிச்சினம். எல்லாரும் எழும்பினம். அவன் எழும்பேல்லை. கழுத்து. பிறகு அவன் விளையாடேல்லை. இரண்டு தடியோடைதான் நடக்கிறான் எண்டு கேள்விப்பட்டன்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அவன் பந்துக்குப் பக்கத்திலைதான் கிடந்தவன். பந்தை எடுத்தவன் ஆரோ, அவன்தான் லெஸ்டருக்கு மேலை விழுந்தவன். எனக்குக் கீழை காய்ஞ்ச தடி முறியிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நீ பந்து ஆரிட்டை எண்டு கேக்கிறாய். எனக்கு அந்தக் கேள்வி அப்பிடிக் கேக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யார் எடுத்தது என்று நான் ரெலிபோனில் கேட்டபோதெல்லாம், யார் அவனை முறித்தது என்றுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

"ஏர்ல் என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை தலையசைத்தார்.

"நீங்கள் எண்டு சொன்னவர்."

நோர்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே இன்னும் கட்டி முடியாத வீடொன்றில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப என்ரை பேரை எழுது" என்றார். "அவன் அதைச் சுமக்க வேண்டாம்."

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனதும் ரெலிபோன் அடித்தது. ஏர்ல். "நோர்மன் எனக்குப் ஃபோன் எடுத்தவன். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு. தான்தான் எண்டு ஒத்துக்கொண்டானாம். அவனுக்கு விசர், மூளை பிசகிப் போச்சு. அது நான். என்னை எழுது."

போன கிழமை இருவருக்கும் வேண்டாம். இந்தக் கிழமை இருவருக்கும் வேண்டும். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். சேற்றில் விழுந்த பந்து அது. யாரிடம் போகிறது, ஏன் போகிறது என்று எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

"அண்ணை, இதிலை எது கேட்டது, எது நினைத்தது?"

"இன்னும் ஒராளைக் கேக்கேல்லை, தங்கச்சி" என்றார்.

லெஸ்டரைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. விழுத்தப்பட்ட மனிதரிடம், உங்களிடமிருந்து பந்தை எடுத்தது யார் என்று எப்படிக் கேட்பது? அண்ணை கட்டாயப்படுத்தவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார், அவ்வளவுதான். லெஸ்டர் எல்லைக்கு அப்பால் ஒரு சின்னப் பட்டணத்தில், வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர். மணி அடித்ததும் எடுத்தார். நல்ல கலகலப்பான குரல்.

நான் தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

"ஆர் எடுத்ததோ?" என்று சத்தம் போட்டார். "ஒருத்தரும் எடுக்கேல்லை! அதுக்கு முதலே விசில் ஊதியாச்சு. எங்கடை வரிசையிலை ஒருத்தன் முந்தி அசைஞ்சிட்டான். விசில் ஊதினால் ஆட்டம் செத்துப் போச்சு, பிறகு நடந்தது ஒண்டும் கணக்கில்லை. செத்த ஆட்டத்திலை என்ன ஃபம்பிள்? நான் இத்தினை வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன், கேக்க ஆளில்லை!"

நான் விழித்தேன். இந்த மனிதர் கோபித்துக்கொண்டிருந்தது தன் கழுத்துக்காக அல்ல, ஒரு விசிலுக்காக. மெல்ல, "உங்கடை கழுத்து..." என்றேன்.

"அதோ?" குரல் தணிந்தது. "கழுத்து அதுக்கு முந்தின ஆட்டத்திலையே வெடிச்சிட்டுது, பிள்ளை. டொக்ரருக்குச் சொல்லேல்லை. சொன்னால் இடம் போயிடும். அண்டைக்கு ஓடேக்கை இரண்டு கையும் விறைச்சுப் போச்சு. பந்து கையிலை இருக்கோ இல்லையோ எண்டே எனக்குத் தெரியேல்லை. அதாலைதான் விழுந்தது. பிறகு ஆஸ்பத்திரியிலை எக்ஸ்ரே பாத்திட்டு, இது இண்டைக்கு வந்த வெடிப்பு இல்லை எண்டவை."

"குவியல்?"

"குவியல் என்ன செய்ததெண்டு கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் கை போனது அதுக்கு முதல்."

நோர்மனையும் ஏர்லையும் பற்றிச் சொன்னேன். கலகலப்பான அந்த மனிதர் அவர்களின் பெயர்களை மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு, "ஆரும் வந்து பாக்கேல்லை. வெண்ட சந்தோசத்திலை மறந்திட்டாங்கள் எண்டு நினைச்சன்" என்றார்.

ரிசீவரை வைத்ததும் அண்ணை எழுந்து ஜன்னல் மறைப்பை இழுத்தார். அந்தச் சுருளை எத்தனை தடவை பார்த்திருப்போம்! ஒவ்வொரு தடவையும் குவியலைத்தான் பார்த்தோம். இந்த முறை அதற்கு முந்திய ஓட்டத்தை மெதுவாக விட்டோம். மழை. லெஸ்டர் ஓடி வருகிறார். பக்கத்தில் எவரும் இல்லை, கிட்டவே வரவில்லை. அவருடைய கைகள் தொங்குகின்றன. பந்து தானாகக் கீழே விழுகிறது. அதன் பிறகுதான் இரண்டு பேர் பாய்கிறார்கள்.

"என்ன கண்டனீர்?" என்றார் அண்ணை. அவருடைய குரல் வழமையைவிட மெதுவாக இருந்தது.

"ஒருத்தரும் தொடேல்லை, அண்ணை."

"ஓம்" என்றார். "நானும் கண்டன்."

நான் இருவரையும் ரெலிபோனில் அழைத்து லெஸ்டர் சொன்னதைச் சொன்னேன். நோர்மன் நம்பவில்லை. "அவன் நல்லவன். எங்களுக்காகச் சொல்லுறான்" என்றார். ஏர்ல் கோபப்பட்டார். அப்போது அண்ணை என்னிடமிருந்து ரிசீவரை வாங்கி, "வந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கிழமை கழித்து இருவரும் வந்தார்கள், நோர்மனை மகளும் ஏர்லைப் பேரனும் கூட்டி வந்தார்கள். கம்பளக் கடை வாசலில்தான் சந்தித்தார்களாம். ஏறக்குறைய நாற்பது வருடத்துக்குப் பிறகு கண்ட இரண்டு பேர் கட்டிப்பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஏர்ல் குள்ளமாக, அகலமாக இருந்தார். படி ஏறிக் களைத்து, இரண்டு கதிரையிலும் தள்ளித் தள்ளி இருந்தார்கள்.

அண்ணை ஒரு சொல்லும் சொல்லாமல் படத்தை ஓடவிட்டார்.

"திரும்ப" என்றார் ஏர்ல்.

திரும்ப விட்டார்.

"திரும்ப."

நோர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். பந்து விழுந்தது. யாரும் தொடவில்லை. மீண்டும் விழுந்தது. மீண்டும் யாரும் தொடவில்லை.

"எனக்கு அந்தச் சத்தம் கேட்டது" என்றார் ஏர்ல், திரையைப் பார்த்தபடியே. "அது நான் எண்டுதான் நினைச்சன்."

"எனக்கும் கேட்டது" என்றார் நோர்மன்.

"நீ ஒரு நாளும் சொல்லேல்லை."

"நீ சொன்னனியோ?"

அதற்குமேல் அந்த அறையில் நிற்பது சரியில்லை என்று நினைத்து நான் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணை லெஸ்டரைக் கூப்பிட்டு, ரெலிபோனின் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். நலம் விசாரிப்பு இல்லை, அழுகை இல்லை. லெஸ்டரின் முதல் வார்த்தை, "விசில் ஊதினது!"

"ஊதேல்லை!" என்று இரண்டு கிழவர்களும் ஒரே மூச்சில் கத்தினார்கள். கீழே கம்பளக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார். படத்தில் சத்தம் கிடையாது. விசில் ஊதியதா இல்லையா என்று எவராலும் காட்ட முடியாது. அதனால் அந்தச் சண்டை முடியவே இல்லை. நடுவில் எங்கேயோ பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஏர்ல் சொன்னார், "எப்பிடியும் பந்து என்னட்டைத்தான் இருந்தது." நோர்மன் கதிரையைத் திருப்பினார். "உன்னட்டையோ? என்ரை விரலைப் பார். இதை முறுக்கினது நீ. அப்பவும் நான் விடேல்லை."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. சிவபாலன் அண்ணையைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி நின்றார்.

பதிவில் அணியின் பெயரை எழுதி, ஆள் தெரியவில்லை என்று போட்டேன். அண்ணை பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். புத்தகம் வெளிவந்ததும் ஏர்லும் நோர்மனும் தனித்தனியாகக் கூப்பிட்டு முறையிட்டார்கள். லெஸ்டரும் கூப்பிட்டார். அவருக்கு அந்த ஃபம்பிளையே எடுத்துவிட வேண்டுமாம்.

சில காலத்துக்குப் பிறகு நோர்மன் காலமாகிவிட்டதாக மகள் அறிவித்தாள். அண்ணைக்குச் சுகமில்லை. நான் விட்பிக்கு ரெயினில் தனியாகப் போனேன். தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் சான்விச்சும் வைத்திருந்தார்கள். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. சுவரோடு நின்றேன். ஏர்ல் தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, புத்தகம் திரும்ப அடிப்பாங்களோ?"

"ஓம். திருத்தம் இருந்தால் சேர்ப்பினம்."

"அப்ப எழுது. பந்தை எடுத்தது நோர்மன்."

பழக்கம் விடவில்லை. அந்த இடத்தில் கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "நீங்கள் கண்டனீங்களோ?"

ஏர்ல் மண்டபத்தின் மறு மூலையில் இருந்த நோர்மனின் மனைவியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"பந்து என்ரை வயித்துக்குக் கீழை கிடந்தது. நல்லா ஞாபகம். ஈரமும் குளிரும். நீ அவன்ரை பேரை எழுது."

ரெயினில் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இது எந்தப் பகுதியில் சேரும்? நோர்மன் என்று எழுதச் சொன்னவரே அது நோர்மன் இல்லை என்கிறார். இல்லை என்பதும் உண்மையா என்று தெரியாது. அப்படியானால் நோர்மனின் விரல்? அண்ணையைப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். "இதிலை நான் ஒண்டும் சொல்லமாட்டன். அவர் உம்மட்டைச் சொன்னது" என்றார்.

நான் பல நாட்கள் யோசித்தேன். எழுத உட்கார்ந்து எழும்பிவிட்டேன். நோர்மன் என்று எழுதக் கை வரவில்லை. ஏர்ல் என்று எழுதவும் வரவில்லை. சரி எது என்று தெரிந்து முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன். இருந்ததை இருந்தபடியே விட்டேன்.

திருத்திய பதிப்பு வந்த கிழமை ஏர்ல் கூப்பிட்டார். நான் பயந்துகொண்டுதான் எடுத்தேன்.

"நீ அவனை எழுதேல்லை."

"இல்லை."

"என்னையும் எழுதேல்லை."

"இல்லை."

அவர் மூச்சு விடுவது கேட்டது. கோபமா, துக்கமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பிறகு, முதலில் இருமல் என்று நான் நினைத்தது மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறியது.

"பந்தை ஒருத்தரும் எடுக்கேல்லையாம் எண்டு லெஸ்டருக்கு ஃபோன் எடுத்துச் சொல்லப் போறன்" என்றார். "அந்த விசர்க் கிழவனுக்கு இண்டைக்குக் கொண்டாட்டம்தான்."